கைவிரல் வேண்டாத ஷூ: வெள்ளாயணி டிரையத்லானுக்குப் போய் வந்த கதை

சைக்கிள் ஷூவின் படத்தை மட்டும் போட்டுவிட்டு ஆள் எங்கே ஒளிந்துகொண்டீர் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒளியவில்லை. எழுத மனசு வரவில்லை, அவ்வளவுதான். போன ஜனவரியில் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாயணியில் நடந்த ஒரு சின்ன டிரையத்லானுக்குப் போயிருந்தேன். அந்த ஷூ அதற்காகத் தயாரானதுதான். உங்களில் சிலர் அந்தப் பக்கம் போட்டிக்குப் போகலாம், ஷூவை மாற்றியமைக்க நினைக்கலாம். அதனால் வழி, செலவு, செய்முறை எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லச் சொல்ல என் மனைவி பகவதிதான் தட்டச்சு செய்கிறாள். அவளைப் பற்றி நல்லதாக ஏதாவது வந்தால் அது அவளே சேர்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு: எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நாகர்கோவில் கோட்டாறில் ஹார்டுவேர் கடை. எட்டு வருடமாக டிரையத்லான் பைத்தியம். முதலில் நீச்சல், பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம், இடையில் உட்கார்ந்து மூச்சு விட நேரம் கிடையாது. போன வருடம் கடைப் பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் ஆரம்பித்தது. பூட்டின் மேல் பழி போட்டு எண்ணெய் விட்டேன், புதுப் பூட்டும் மாற்றினேன். கடைசியில் டாக்டர் மோட்டார் நியூரான் நோய் என்றார். தசைகளுக்கு உத்தரவு போடும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை நிறுத்திக்கொள்ளும். எனக்கு அது இரண்டு கைகளிலும் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் தொடங்கியது. தோளும் காலும் அப்போது நன்றாக இருந்தன. மற்ற மூன்று விரல்களால் பிரேக் பிடிப்பேன். ஆனால் ஒரு ஆணியைக் கிள்ளி எடுக்க முடியாது. ஆணி விற்று வயிறு வளர்க்கிறவனுக்கு இப்படி ஒரு வியாதி!

இதற்குமுன் ஒரு போட்டியில், நீச்சல் முடிந்து வந்து ஷூவின் பட்டைகளை இழுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தேன். நேரம் தாண்டிவிட்டது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானத்தோடு சைக்கிளை மூலையில் சாத்த மனசில்லை. கடைசியாக ஒன்றே ஒன்று, நீந்தி, ஓட்டி, ஓடி, முழுசாக முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கை போனால் போகட்டும் என்று பகவதியிடம் சொன்னேன். "பேச்சப் பாரு" என்றாள். ஆனால் வாடகைக் காருக்கு அவள்தான் போன் செய்தாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக் கரமனை அறுபத்தைந்து கிலோமீட்டர். மார்த்தாண்டத்தில் டீ, களியக்காவிளையில் நெரிசல், எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம். போக வர இரண்டு நாள் வாடகை ஆறாயிரம் ரூபாய். ரயிலில் இதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் சைக்கிளைப் பார்சல் ஆபீஸில் தனியாகப் பதிவு செய்து, அது நம்மோடு வந்து சேருமா என்று சாமி கும்பிட வேண்டும். முன்சக்கரத்தைக் கழற்றினால் சைக்கிள் பின்சீட்டில் போய்விடும், நான் டிரைவருக்குப் பக்கத்தில். பகவதி வழியெல்லாம் ஹேண்டில்பாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள்.

கரமனையில் நாங்கள் தங்கியது ஹரிஹரன் வீட்டில். அக்ரஹாரத் தெருவில் பிறந்து வளர்ந்த ஆடிட்டர், வயது நாற்பது. ஒரு போட்டியில் அறிமுகமாகி என்னை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தவன். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடத்தில் இரண்டு நொடி மிச்சம் பிடிக்க இரண்டு மாதம் யோசிக்கிற ரகம். வாசலிலேயே என் ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆகாதுண்ணா, தூரப் போடுங்கோ. உங்க அளவிலே ஒண்ணு வாங்கி வச்சாச்சாக்கும்" என்றான்.

இனி ஷூ. பழையதில் மூன்று பட்டையும், இறுக்கத் திருகும் குமிழ் ஒன்றும் இருந்தன. புதியதில் ஒரே ஒரு அகலப் பட்டை. அது வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், உள்பக்கம் திறந்தால் சங்கிலியில் மாட்டும். பட்டையின் நுனியில் என் கடையிலிருந்து கொண்டுபோன திரைச்சீலை வளையம் ஒன்றை பகவதி நைலான் நூலால் தைத்தாள். நடுவிரலை நுழைத்து இழுத்தால் போதும், கிள்ளவே வேண்டாம். குதிகால் பக்கம் தோள்பைக்குப் போடும் நாடாவில் நான்கு விரல் நுழையும் அளவுக்கு ஒரு காது. உள்ளே தையல் உறுத்தும் இடங்களில் வழவழப்பான டேப், அதன்மேல் வாசலின். ஏனென்றால் ஈரக்காலில் சாக்ஸ் போட நேரமில்லை. ஓடுவதற்கான ஷூவில் கயிற்றை உருவிவிட்டு எலாஸ்டிக் கோத்தாயிற்று.

முக்கியமான விஷயம், சைக்கிள் ஷூவைக் காலில் போடுவதே இல்லை. அதை அடியில் உள்ள கொக்கியால் முன்கூட்டியே பெடலில் மாட்டிவிட வேண்டும். குதிகால் காதிலிருந்து சைக்கிள் சட்டத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட் கட்டினால் ஷூ தொங்காமல் படுத்த நிலையில் நிற்கும். வெறுங்காலோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஏறி, ஷூவின் மேலேயே காலை வைத்து மிதித்தால் ரப்பர் பேண்ட் அறுந்துவிடும். வேகம் பிடித்தபின் காலை உள்ளே நுழைத்து வளையத்தை இழுக்க வேண்டியதுதான். நோட்டுக்கட்டுக்குப் போடும் மெல்லிய ரப்பர் பேண்டே நல்லது. நான் கெட்டியானதைக் கட்டி, அது அறுபடாமல் பெடலை இழுத்துப் பிடிக்க, கரமனைத் தெருவில் எல்லோர் முன்னாலும் சரிந்து விழுந்தேன்.

அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் பத்துப் பன்னிரண்டு தடவை ஏறி இறங்கிப் பழகினேன். "ஷூவைப் பாக்கண்டாம், ரோட்டைப் பாருங்கோ. காலுக்குத் தெரியும்" என்று ஹரிஹரன் கூடவே ஓடி வந்தான். எதிர்வீட்டு மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னடா ஹரி, செருப்பை சைக்கிளுக்குப் போட்டுட்டு ஆளை வெறுங்காலோட ஓட விடறே?" என்றார். பகவதி அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. கடைசித் தடவை நான் வளையத்தை இழுத்ததும் ஹரிஹரன் கைதட்டினான். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. போட்டிக்கு முந்தின நாள் புதிதாக எதையும் முயலாதீர்கள் என்று இதே பக்கத்தில் எழுதியவன் நான்தான். அதைத் தேடி எடுத்து என்னைத் திட்ட வேண்டாம்.

ஞாயிறு காலை ஐந்தேகாலுக்குக் காரில் கிளம்பி, ஏழு கிலோமீட்டர் போய் வெள்ளாயணிக் காயலை அடைந்தோம். முக்கால் கிலோமீட்டர் நீச்சல், பைபாஸில் விழிஞ்ஞம் பக்கம் போய்த் திரும்பும் இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். ஏழு இருபதுக்குள் சைக்கிளோடு வெளியே போகாதவர்களை நிறுத்திவிடுவார்கள். என் நோயைப் பற்றி அமைப்பாளர்களிடம் நான் சொல்லவில்லை. பாவம் என்று ஒருத்தர் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

ஆறரைக்கு இறங்கினோம். காயல் தண்ணீர் இதமாக இருந்தது. தோள் ஒத்துழைத்தது. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், ஏழு மணிக்குக் கரையேறினேன். ஹரிஹரன் எப்போதோ சைக்கிளில் பறந்துவிட்டான். என் சைக்கிள் கம்பியில் தொங்கியது, ஷூ இரண்டும் பெடலில் தயாராகப் படுத்திருந்தன. வெளியாட்கள் வராமல் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் பகவதி நின்றாள். ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளை எடுக்கப் போனேன்.

"சேட்டா, பக்கிள் போட்டிட்டு சைக்கிள் தொட்டா மதி" என்றாள் அங்கே நின்ற நடுவர் பெண். விதி எனக்குத் தெரியாததா? தாடைக்குக் கீழே பக்கிளைப் பூட்டாமல் யாரும் சைக்கிளைத் தொடக் கூடாது. இரண்டு வாரையும் பிடித்தேன். நுனிகள் விரலில் நிற்கவில்லை. மறுபடி பிடித்தேன், நழுவியது. ஒரு பாதியை உள்ளங்கையால் தாடையோடு அழுத்திக்கொண்டு மறுபாதியைத் தேடினால், முதல் பாதி ஓடிவிடும். அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டைப் பிடிக்கக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வேண்டும். என்னிடம் இல்லாதவை அவைதான்.

"என்னங்க, ஷூ அங்கதான இருக்கு, ஏன் நிக்கிய?" என்று கேட்டாள் பகவதி.

"ஹெல்மெட்டு" என்றேன்.

அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. எத்தனையோ மாதமாக, நேற்று கரமனைத் தெருவில்கூட ஒவ்வொரு தடவையும், எனக்கு ஹெல்மெட்டை மாட்டிவிட்டது அவள். ஹரிஹரனும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை தானாகக் கயிற்றைத் தாண்டி வந்தது. "சேச்சி, வேண்டா! வெளியாள் தொட்டா சேட்டன் அவுட்டாக்கும்" என்றாள் நடுவர். பகவதி சுட்டுக்கொண்ட மாதிரி கையை இழுத்தாள்.

நான் விடாமல் முயன்றேன். தலையிலிருந்து தண்ணீர் கண்ணில் வழிந்தது. "பரவாயில்ல, நீ வந்து மாட்டு" என்றேன். "மாட்டமாட்டேன். இதுக்குத்தான இவ்வளவு பாடு பட்டிய? மெதுவா நீங்களே போடுங்க, நேரம் கெடக்கு" என்றாள். சொல்லும்போதே அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை நாள் ஏன் நீ மாட்டிவிட்டாய் என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"நீங்க தாடையத் தூக்கிட்டு நின்னிய. நான் மாட்டுனேன்" என்றாள். (இந்த இடத்தில் தட்டச்சு நின்றுவிட்டது. அவள் முகத்தைக் கழுவிவிட்டு வந்த பிறகு தொடர்கிறோம்.)

கணுக்காலில் நேரம் கணக்கிடும் சிப்பைப் பட்டையில் ஒட்டிக் கட்டியிருப்பார்கள். அதை நடுவிரலால் பிய்த்து நடுவரிடம் நீட்டினேன். "சேட்டா, இன்னும் பத்து மினிட் உண்டு" என்றாள். பத்து மணி நேரம் கொடுத்தாலும் நடக்காதம்மா என்று என் நோயைச் சொன்னேன். அந்தப் பெண் சிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "முன்னாடியே பறஞ்சிருந்தா ஒரு ஹெல்பர் கொடுத்திருப்போமே சேட்டா" என்றாள். பகவதியைப் பார்த்து, "இப்போ மாட்டு" என்றேன். கயிற்றுக்கடியில் குனிந்து வந்து மாட்டினாள். ஒரு சின்னச் சத்தம், முடிந்துவிட்டது.

ரோடு எல்லாருக்கும் உள்ளது, இடப்பக்கமாகப் பார்த்துப் போங்கள் என்று நடுவர் வழி விட்டாள். ஓடி ஏறினேன். இரண்டு ரப்பர் பேண்டும் முதல் மிதியிலேயே அறுந்தன. கால் தானாக உள்ளே போனது, வளையத்தை இழுத்தேன். அவ்வளவு சுத்தமாக எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் ஏறியதில்லை. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும் இல்லை. விழிஞ்ஞம் துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் தெரியும் வரைக்கும் போய்த் திரும்பி இருபது கிலோமீட்டரையும் ஓட்டினேன். எங்கள் கார் பின்னாலேயே வந்தது. வழியில் வாய்விட்டு அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. திரும்பியபோது ஹரிஹரன் மெடலைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு நின்றான். "நான் பாத்திருக்கணும்ணா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஐந்து கிலோமீட்டர் ஓடவில்லை. நீந்தியதும் ஓட்டியதும் போதும் என்றாகிவிட்டது.

ஊர் திரும்பும் வழியில் நெய்யாற்றின்கரையில் டீ குடித்தோம். பகவதி வடையைப் பிட்டு என் தட்டில் வைத்தாள். என் டீயில் பாதியைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, நான் இரண்டு உள்ளங்கையாலும் பிடிக்க வசதியாக டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியாது, டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தாள். போட்டி உடையின் ஜிப், நீச்சல் கண்ணாடி, சட்டைப் பொத்தான், எல்லாம் இதே கணக்குதான். நோய் இரண்டு விரலைத்தான் எடுத்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவோ எடுத்துக்கொண்டு போயிருந்தது. அந்த இடத்தையெல்லாம் அவள் அடைத்துக்கொண்டே வந்ததில் எனக்குத் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெள்ளாயணிக்கு ஜனவரி நல்ல மாதம், பைபாஸில் ஏழரைக்கு மேல் லாரி அதிகம், இடப்பக்கம் விட்டு நகராதீர்கள். ஷூவில் வளையமும் பெரிய காதும் யாருக்கும் உதவும், தாராளமாகச் செய்யுங்கள். உடம்பில் குறை இருந்தால் அமைப்பாளர்களிடம் முதல் நாளே வாயைத் திறந்து சொல்லுங்கள், என்னைப் போல வீம்பு பிடிக்காதீர்கள். போட்டிக்கு முன்னால் ஒரு தடவை, ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் எல்லாவற்றையும் தனியாகச் செய்து பாருங்கள். வீட்டிலிருப்பவர்களைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். நான் ஊர் திரும்பிய மறுநாள் காலை பகவதியை அப்படி உட்கார வைத்தேன். அன்றைய காபிக்கு முன்னாலேயே, போதும், எழுந்து வா என்று கூப்பிட்டுவிட்டேன்.