தீக்கு ஊற்றிய கஞ்சி

இப்போதெல்லாம் காடு பற்றிக்கொண்டால் ஹெலிகாப்டர் வருகிறது. ஏரியில் தண்ணீர் மொண்டு, புகைக்குள் புகுந்து, நெருப்பின் தலையில் கொட்டிவிட்டுப் போகிறது. அதை ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அறுபதுகளின் தொடக்கத்தில் கூக்கால் என்ற மலைக்கிராமத்துக்கு மேலே, தீத்தடுப்பு கேம்ப்பில் நான் சமையல்காரனாக இருந்தபோது எங்களிடம் இருந்தவை இரண்டு மட்டக்குதிரைகள். ஒன்று தண்ணீர் சுமக்க, ஒன்று சோறு சுமக்க. பெட்ரோல் செலவு கிடையாது, கொள்ளு வைத்தால் போதும். ஆனால் இரண்டும் பறக்காது.

முதல் நாள்

நான் பழனி அடிவாரத்துக்காரன். யாத்ரீகர் சத்திரத்தில் சமைத்தவன். தைப்பூசக் கூட்டத்துக்கு அண்டா அண்டாவாகச் சாம்பார் வைத்தும் ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. தெரிந்தவர் ஒருவர் சொன்னதால் பாரஸ்ட் வேலைக்கு மலையேறினேன். புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும் மாசிக் கடைசி அது. கேம்ப்பில் ஒரு பாரஸ்டர், அவருக்குக் கீழே மேஸ்திரி குழந்தைவேலு, அவரிடம் பயர் வாட்சர்கள் இருபது பேர் போல. மேஸ்திரியும் வாட்சர்களில் பாதிப் பேரும் கூக்கால்காரர்கள். வருஷம் முழுக்கப் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற சம்சாரிகள், தீ சீசனில் மட்டும் இந்த வேலைக்கு வருவார்கள்.

முதல் நாளே என் கைவரிசையைக் காட்டினேன். சாம்பார், ரசம், இரண்டு பொரியல். குதிரையில் ஏற்றிக்கொண்டு மலை முகட்டுக்குப் போய், இலை விரித்து, "வாங்க, உக்காருங்க" என்றேன். காற்று இலைகளை அள்ளிக்கொண்டு போனது. அங்கே ஒருவரும் உட்காருகிற நிலையிலும் இல்லை.

மேஸ்திரி சொன்னார்: "பழனிக்காரரே, இது கல்யாண வீடு இல்லீங்க. ஒரு கையில தீயடிக்கிற சாக்கு, ஒரு கையில மம்பட்டி. ரசத்த எங்கிட்டு வாங்குறது? நாளைக்கு கஞ்சி கொண்டாங்க. நின்னமேனிக்கே குடிச்சிட்டு வெரசா சோலியப் பாக்கப் போயிருவோம்."

எனக்குச் சுருக்கென்றது. "கஞ்சி காய்ச்சவா நான் பழனியிலருந்து வந்தேன்? எங்க ஊர்ல காச்சக்காரனுக்குத்தான் கஞ்சி" என்றேன்.

"இங்க மலைக்கே காச்சதானுங்களே" என்றார். வாட்சர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் முதல் கஞ்சிதான். அதையும் ஏனோதானோ என்று செய்யவில்லை. அரிசியை இளஞ்சூட்டில் வறுத்து, குருணையாக்கி, பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொழகொழவென்று காய்ச்சி, இரண்டு பால் கேன்களில் ஊற்றிக் குதிரையின் இரு பக்கமும் கட்டித் தொங்கவிடுவேன். கோபத்தில் காய்ச்சினாலும் நன்றாகத்தான் இருந்தது.

எதிர்த்தீ

பங்குனியில் ஒரு நாள் மேற்குப் பள்ளத்தில் தீ பிடித்தது. யார் வைத்தார்களோ தெரியாது. புல்லில் பிடித்த தீ மேட்டில் ஏறும்போது ஆள் ஓடுவதைவிட வேகமாக ஏறும். முகட்டின் நீளத்துக்கு வாட்சர்கள் ஏற்கெனவே புல்லைச் செதுக்கி மண் தெரிகிற மாதிரி பயர் லைன் போட்டு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டிவிட்டால் இந்தப் பக்கச் சரிவு முழுக்கக் காய்ந்த புல், அது முடிகிற இடத்தில் கூக்காலின் கூரை வீடுகள். அப்போதுதான் பூண்டு எடுத்து வீட்டுக்கு வீடு பரணில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கிழவர்கள், பிள்ளைகள், கன்றுக்குட்டிகள் எல்லாம் அங்கேதான்.

எதிர்த்தீ வைப்பது என்று பாரஸ்டர் முடிவு செய்தார். பயர் லைனுக்கு அந்தப் பக்கத்துப் புல்லில் நாமே நெருப்பு வைப்பது. நம் தீ கீழே எரிந்துகொண்டு போகும், அந்தத் தீ மேலே வரும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் தின்னப் புல் இல்லாமல் அணைந்துவிடும். ஆனால் காற்று நம் பக்கம் அடித்தால் நாம் வைத்த தீயின் பொறியே லைனைத் தாண்டும். விழுந்த நொடியில் அதை ஈரச் சாக்கால் அடித்தாக வேண்டும். காய்ந்த சாக்கால் அடித்தால் சாக்கே பற்றிக்கொள்ளும்.

அன்று தண்ணீர்க் குதிரை வரவில்லை. ஓடைப் பாதையைத் தீ மறித்துவிட்டது. குதிரைக்காரர் பத்திரமாகத் திரும்பிவிட்டார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். கேம்ப் பாதையில் நான் மட்டும் கஞ்சியோடு போய்ச் சேர்ந்தேன். வெள்ளனே போன ஆட்கள், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. என் கேனைப் பார்த்ததும் எல்லார் முகமும் திரும்பியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அகப்பையை எடுத்துவிட்டேன்.

"பழனிக்காரரே, கஞ்சி எம்புட்டு இருக்கு?" என்று கேட்டார் மேஸ்திரி.

"வயிறு நெறையக் குடிங்க. ரெண்டு கேனும் ததும்புது."

அவர் கேனுக்குள் பார்த்தார். பிறகு பாரஸ்டரைப் பார்த்தார். பாரஸ்டர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, தலையசைத்தார்.

"ஏலே, சாக்கெல்லாம் இங்க கொண்டாங்கடா!" என்று குரல் கொடுத்தார் மேஸ்திரி.

எனக்குப் புரிந்ததும் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "அட பாவிகளா, சோறுய்யா இது!" என்று கத்தினேன். சோற்றைத் தரையில் சிந்தினாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஊர்க்காரன் நான்.

மேஸ்திரி என் தோளில் கை வைத்தார். "எம் பொண்டாட்டி புள்ளைக கீழதான் இருக்காக, அண்ணே. பொறவு என்னைய எம்புட்டு வேணாலும் வையுங்க. இப்ப கேனச் சாய்ங்க."

அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நானே சாய்த்தேன்.

பசியோடு நின்ற அத்தனை பேரும் சாக்கைக் கஞ்சியில் முக்கினார்கள். ஒருவரும் ஒரு வாய் குடிக்கவில்லை. பாரஸ்டர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி முக்கினார். நெருப்பு வைத்தார்கள். பொறி பறந்து வந்து விழ விழ அடித்தார்கள். கஞ்சி கொழகொழப்பாக இருந்ததால் சாக்கு சீக்கிரம் காயவில்லை. நானும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு என்னால் முடிந்த மட்டும் அடித்தேன். முகடு முழுக்க அடிப்பிடித்த சோற்று வாசம். என் கையில் ஒரு பாத்திரமும் அடிப்பிடித்ததில்லை, அன்றைக்கு மலையே அடிப்பிடித்தது.

இரண்டு தீயும் சந்தித்தபோது பெரிய சத்தம் கேட்டது. பிறகு புகை மட்டும்தான். தீ லைனைத் தாண்டவில்லை.

கேன் நிறைந்தது

தீ அணைந்தாலும் வாட்சர்கள் இறங்க முடியாது. வேரிலும் சாணியிலும் கனல் கிடக்கும், காவல் இருக்க வேண்டும். மேஸ்திரி அடிக்கடி கூக்கால் பக்கம் பார்த்தார். புகையில் ஊர் தெரியவில்லை. லைனைத் தாண்டி ஒரு பொறி போயிருந்தால்? நான் காலிக் கேனோடு ஊருக்கு இறங்கினேன்.

ஊர் முழுசாக இருந்தது. பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கூரையை நனைத்து வைத்திருந்தார்கள்.

"ஆளுக?" என்றார் மேஸ்திரியின் மனைவி.

"எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா. வயிறுதான் காலி. சோறு இருந்தாப் போடுங்க."

வாழ்நாளில் யாரிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை. வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கொட்டினார்கள். களி, அவித்த கிழங்கு, குழம்பு, அதன் தலையில் மோர், எல்லாம் ஒரே கேனில். சத்திரத்தில் இப்படி ஒன்று வந்தால் மாட்டுக்கு வைத்திருப்பேன்.

முகட்டில், கருகிய புல்லின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேஸ்திரி ஒரு கவளம் வாயில் வைத்தவர், மெல்லுவதை நிறுத்தினார்.

"மொச்சைக் கொழம்பு" என்றார். "எங்க வீட்டது. அவ ஒருத்திதான் இதுல மாங்கா வத்தல் போடுவா."

கரி படிந்த முகத்தில் கண்ணீர் கோடு இழுத்தது. துடைத்துக்கொள்ளாமலே சாப்பிட்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஊர் பத்திரமாக இருக்கிறது என்று அதற்குள் நான் அவரிடம் நாலு தடவை சொல்லியிருப்பேன். அந்தக் கவளத்தில்தான் அவர் நம்பினார்.

தீயணைக்கிறவர்களுக்குச் சமைக்கிற தம்பிகளே, உங்கள் கைப்பக்குவம் இருக்கட்டும். மலையேறுவதற்கு முன் அவர்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு கரண்டி குழம்பு வாங்கிக்கொண்டு போங்கள்.