கணத்தில் தோன்றியதும் தாளில் ஏறியதும்

ஹம்பேர்க்கில் பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை பார்க்கும் சயந்தினிக்கு ஒரே ஓர் ஆசைதான்: தேவாலயப் பாடகர் குழுவில் ஒருமுறையாவது தனியாகப் பாட வேண்டும். ஆறு வருடமாகப் பின்வரிசையில் நின்று "ஆமென்" பாடிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் சங்கீதம் படித்தவளுக்கு இதைவிடப் பெரிய பதவி கிடைக்குமா என்ன!

குழுவை நடத்தும் லூடர்ஸுக்கு நானூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலியப் பாட்டென்றால் உயிர். அந்தக் காலத்தில் பாட்டு எழுதியவர் எலும்பைத்தான் எழுதுவாராம். நகையும் நட்டும் பாடுகிறவரின் தொண்டையிலிருந்து அந்தந்தக் கணத்தில் வரவேண்டுமாம். வாராவாரம் இதை உருகி உருகிச் சொல்லுவார். சொல்லி முடித்ததும், கணத்தில் என்னென்ன தோன்ற வேண்டும் என்று பென்சிலால் குறித்த தாளை எல்லோருக்கும் கொடுப்பார்.

பெரிய வெள்ளிக் கச்சேரிக்குத் தனிப்பாடகியைத் தெரிவு செய்ய ஒரு புலம்பல் பாட்டு வைத்தார். ஓர்கன் வாத்தியத்தில் நாலே நாலு சுரம் இறங்கி இறங்கித் திரும்ப வரும். அதன்மேல் பாடுகிறவர் அழ வேண்டும்.

"சுதந்திரமாக அலங்கரியுங்கள்" என்றார். சயந்தினி பாவம், நம்பிவிட்டாள். முதல் வரியையே பிடித்துக்கொண்டு, கச்சேரியில் நிரவல் செய்வதுபோலச் சுற்றுக்குச் சுற்று வேறுவேறாகப் பாடினாள். இரண்டாம் வரிக்குப் போகவே இல்லை. ஓர்கன்காரரும் குஷியாகத் தொடர்ந்தார். ஒன்பதாம் சுற்றில்தான் லூடர்ஸ் கையைத் தூக்கினார். மற்றக் கையில் கைபேசி பதிவு செய்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் புதுத் தாள் வந்தது. அவள் பாடியதில் நல்லதாக இரண்டு சுற்று, அச்சுப்போல எழுதப்பட்டிருந்தது. "அப்படியே பாடினால் வாய்ப்பு உங்களுக்குத்தான்" என்றார். பாடினாள். அவர் நிறுத்தினார்.

"இந்த இடத்தில் ஆறு சுரம். நீங்கள் ஏழு பாடினீர்கள். பிழை."

இன்னும் நாலு தடவை பாடிப் பார்த்தாள். நாலும் நாலு விதமாக வந்தன. தாள் முன்வரிசை பேத்ராவிடம் போயிற்று. எழுதித் தந்தால் பேத்ரா கடைச் சாமான் பட்டியலையும் பிசகாமல் பாடுவாள்.

பெரிய வெள்ளியன்று பேத்ரா பிசகாமல்தான் பாடினாள். சயந்தினி பின்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கச்சேரியில் கைதட்டும் வழக்கமில்லை. அதுவும் நல்லதாய்ப் போயிற்று.

திரும்பும்போது எஸ்-பான் ரயில் மேடையில், கச்சேரி கேட்க வந்திருந்த அம்மா கேட்டார்:

"முன்னுக்கு நிண்டவா பாடினது உன்ர சங்கதியெல்லோ பிள்ளை? குசினிக்குள்ள சமைக்கேக்க நீ பாடுறது எனக்குத் தெரியும்தானே?"

"ஓம் அம்மா."

"பின்ன ஏன் உன்னைப் பாட விடேல்லை?"

"நான் அதைப் பிழையாப் பாடிப்போட்டனாம்" என்றாள் சயந்தினி. சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகை முந்திக்கொண்டது.