கடைசி வரிசையில் ஒரு அழைப்பு

இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவளே என்னிடம் சொன்னது.

ஜோசெட் பேய் பிசாசுக்குப் பயப்படுகிறவள் இல்லை. வியட்நாம் சண்டையில் தெருவில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த சைகோனில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனவள். ஆனால் இன்றைக்கும் டெலிபோன் மணி அடித்தால் அவள் எடுக்கமாட்டாள். எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

1966. அவளுக்கு இருபத்து மூன்று வயது. காரைக்கால் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் சைகோன். ஆற்றோரம் ஒரு பழைய ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை.

அவளுடைய தாத்தா லூசியேன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். 1945 மார்ச்சில் ஜப்பான்காரர்கள் ஒரே ராத்திரியில் பிரெஞ்சுக்காரர்களை மடக்கி ஊரைப் பிடித்தார்களே, அன்று அவர் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் காவல் இருந்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. காவலை விட்டு ஓடிப்போனவர் என்று பட்டாளத்தில் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஜோசெட்டின் அம்மா ஒடெட் இருபது வருஷமாக மாதா கோயிலில் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். ஓடிப்போன சொல்தா மகள் என்ற பேச்சு அவள் முதுகுக்குப் பின்னால் ஓயவில்லை. இப்போது நுரையீரலில் நோய் கண்டு படுத்துவிட்டாள்.

“செத்தாரா, ஓடினாரா... அத மட்டும் கேட்டுக்கிட்டு வந்து சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

ஜோசெட் அலைந்தாள். பிரெஞ்சுத் தூதரகத்தில் கையை விரித்தார்கள். பழைய சொல்தாக்கள் பேச்சை மாற்றினார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் வழி சொன்னார். அன்று தாத்தாவோடு காவலில் இருந்த ரோஜே உயிரோடு இருக்கிறாராம். கடற்கரை ஊரான வுங் டாவில் மீன் வியாபாரம் செய்கிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தாள்.

அதற்கு மூன்று நாள் முன்னால்தான் அந்த அழைப்பு வந்தது.

மதியம். சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே உறங்கும் நேரம். வெளியே நல்ல மழை. டெலிபோன் அறையில் அவள் ஒருத்திதான். எதிரே பலகை. அதில் அறைக்கு ஒரு துளை, துளைக்கு மேல் சின்னத் தகடு. யாராவது போனை எடுத்தால் அந்தத் தகடு விழும்.

டக்.

நிமிர்ந்து பார்த்தாள். விழுந்திருந்தது கடைசி வரிசையில் ஒரு தகடு.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் அந்த ஹோட்டலில் பட்டாள அதிகாரிகள் தங்கியிருந்தார்கள். அவர்களுக்காகப் போட்ட வரிசை அது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதில் ஒரு தகடுகூட அசைந்ததில்லை.

எலி ஏதாவது கம்பியைக் கடித்திருக்கும் என்று தகட்டை மேலே தள்ளிவிட்டாள்.

டக்.

வயரைச் செருகினாள். காதில் மழைச் சத்தம் இல்லை. நாய்கள் குரைப்பது கேட்டது. தூரத்தில் லாரிகள். பிறகு ஒரு ஆணின் மூச்சு.

“அல்லோ... அல்லோ...” என்று பிரெஞ்சில் கூப்பிட்டது குரல். உடனே, தனக்குத்தானே, தமிழில்: “ஒருத்தனும் எடுக்க மாட்டேங்குறான்...”

“யாருங்க?” என்றாள் ஜோசெட், தமிழிலேயே.

குரல் போனுக்கு நெருங்கி வந்தது.

“தமிழ்ப் பொண்ணா? யாரும்மா நீ?”

“ஆபரேட்டர். ஜோசெட்.”

அந்த ஆள் மெல்லச் சிரித்தார். “நல்ல பேரு.” பிறகு குரல் தாழ்ந்தது. “வெளக்கெல்லாம் அணஞ்சுபோச்சும்மா. ஒரே இருட்டு. வெளிய நின்னு கதவத் தட்டுறாங்க...”

இருட்டா? பட்டப்பகலில்?

தட்டும் சத்தம் அவளுக்கும் கேட்டது. மரக் கதவில் இரும்பால் தட்டுவதுபோல. நிதானமாக.

தொம்... தொம்... தொம்...

“அதிகாரி ஆரும் பேச மாட்டேங்குறாங்க. நீயாவது சொல்லும்மா. தொறக்கட்டுமா?”

கெட்ட காலம். யார் கதவை யார் தட்டினாலும் பயப்பட வேண்டிய ஊர். அவள் யோசிக்கவே இல்லை.

“தொறக்காதீங்க. யாரு வந்தாலும் தொறக்காதீங்க.”

“சரிம்மா.”

அவ்வளவுதான்.

காதில் ஒன்றுமில்லை...

இரைச்சல்கூட இல்லை.

ஹோட்டல் மெக்கானிக்கை எழுப்பிக் கூட்டிவந்தாள். அவர் பலகையின் பின்பக்கத்தைத் திறந்து விளக்கடித்துக் காட்டினார். கடைசி வரிசையில் கம்பியே இல்லை. எப்போதோ வெட்டி எடுத்துவிட்டார்கள். இருந்தது ஒட்டடைதான்.

ஞாயிற்றுக்கிழமை வழியில் சண்டை இல்லை, சாலை திறந்திருந்தது. பஸ் பிடித்து வுங் டாவுக்குப் போனாள். ரோஜே கடற்கரையில் வலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். லூசியேன் பேத்தி என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

“ஓடிட்டாருன்னா சொன்னாங்க? உங்க தாத்தா ஓடலம்மா. அந்தக் கிடங்குலதான் செத்தாரு.”

ஜோசெட் அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

“ஜப்பான்காரன் வந்து கதவத் தட்டுனான். தொறந்து சரணடையலாம்னு நாங்க சொன்னோம். அவரு டெலிபோன் பாக்குற சொல்தா இல்லியா... கேட்டுட்டு வர்றேன்னு போனாரு. திரும்பி வந்து, தொறக்கக் கூடாதாம்னாரு. நாங்க பின்பக்கத்து சன்னல் வழியா குதிச்சு மாட்டிக்கிட்டோம். கைதியா இருந்தோம், உயிரு தப்புச்சு. அவரு நவுரல. கிடங்குக்குத் தீ வச்சுட்டானுங்க.”

“இத ஏன் மாமா நீங்க சொல்லல?”

“பட்டாளத்துல சொன்னேனே. ஒருத்தனும் நம்பல. அன்னிக்குச் சாயங்காலமே ஜப்பான்காரன் டெலிபோன் கம்பியெல்லாம் அறுத்துட்டானாம். போன்ல யாருடா பேசியிருப்பான்னு என்னையப் பைத்தியக்காரன்னாங்க.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யாரு... யாரு பேசுனதா தாத்தா சொன்னாரு?”

“ஒரு தமிழ்ப் பொண்ணாம். எம் பேத்தி பேருதான்டா அவளுக்கும், ஜோசெட்டாம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.” ரோஜே அவளைப் பார்த்தார். “அந்தப் பேத்தி நீதானாம்மா? அப்ப நீ கைக்குழந்த...”

அன்றைக்கு அவளுக்கு இரண்டு வயது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவின் காதருகே குனிந்தாள். தாத்தா ஓடவில்லை, காவலில் நின்றே செத்தார் என்றாள். ஒடெட் வெகுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“தொறந்திருந்தா பொழச்சிருப்பாரே. ஏன்டி தொறக்கல?”

ஜோசெட் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள்.