தீபத்துக்கு முன்னால் அடைத்த கலங்கல்

எங்கள் ஊர் நீர்த்தேக்கத்தின் கலங்கலை, அடைக்கக்கூடாத காலத்தில் அடைத்தவன் நான். அந்தப் பழி ஊர் மதகைப் பார்க்கிற நீர்கட்டி மேல் விழுந்தபோது வாய் திறக்காமல் நின்றவனும் நான்தான். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. இன்றைக்கும் மேற்கே மேகம் கறுத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அப்போது திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். ஊரில் கொஞ்சம் நிலமும் இருந்தது. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பெய்கிற மழை ஓடைகளாக இறங்கி எங்கள் நீர்த்தேக்கத்தில் சேரும். நீளமான மண்கரை, அதன் வடக்கு முனையில் கலங்கல். மிஞ்சிய நீர் வழிந்து போவதற்கான தாழ்ந்த கல்சுவர் அது. அதன் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். அந்த இடுக்குகளை மண் வைத்து அடைத்தால் இன்னும் ஒரு முழம் நீர் நிற்கும். ஆனால் கார்த்திகை தீபம் கழிந்த பிறகுதான் அடைப்பது வழக்கம். அதற்கு முன் மலைவெள்ளம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். கரைக்கு அடியிலேயே வீடுகள் இருந்தன. என் வீடும் அங்கேதான்.

அந்த ஐப்பசியில் நன்றாகப் பிடித்த மழை திடீரென்று நின்றுவிட்டது. கலங்கலில் விரல் கனத்துக்கு நீர் வழிந்துகொண்டிருந்தது. மேட்டு மதகுக்கு மட்டும் ஏறவில்லை. என் நெல் அந்த மதகை நம்பி நின்றது. மதகைத் திறப்பதும் வயல்களுக்கு முறைவைத்து நீர் விடுவதும் நீர்கட்டியின் வேலை. என் வயதுக்காரர். அவரிடம் கேட்டேன்.

"தீபம் ஏத்தட்டும் வாத்தியாரே. அப்புறம் நானே அடைச்சித் தர்றேன்."

"ரேடியோவுல புயல் ஆந்திரா பக்கம் போயிடுச்சின்னு சொல்றான்யா."

"ரேடியோ ஆயிரம் சொல்லும். மலைகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு வாங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நெல்லுக்காக மட்டுமல்ல, அந்தச் சிரிப்புக்காகவும்தான் அதைச் செய்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவாமாத்தூரில் ஒரு கல்யாணம். ஊரில் பாதிப் பேர் போயிருந்தார்கள், நீர்கட்டியும்தான். உச்சி வெயிலில் தனியாகப் போனேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் என் சாக்குகளில் களிமண்ணை நிரப்பி இடுக்குகளை அடைத்தேன். மண்டியில் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு சாக்கிலும் நான் போட்ட நீல வட்டம் இருந்தது. அது அப்போது நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் வகுப்பில் இருந்தபோது மழை பிடித்தது. மேற்கே தெரிய வேண்டிய மலைகளைக் காணவில்லை. பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அது ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நின்று போனது. மனைவி மத்தியானத்தில் படுக்கும் அறைக்கும் கரைக்கும் நடுவில் இருப்பது ஒரு கொல்லைதான் என்பதை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

"இன்னா சார், கையைப் பெசஞ்சிக்கினே வர்றீங்க?" என்றார் கண்டக்டர்.

ஊர் முழுவதும் கரைமேல் நின்றது. செம்மண் நிறத்தில், சருகும் முறிந்த கிளைகளுமாக, கரையின் உச்சிக்கு ஒரு சாண் கீழே நீர் நின்றது. கரையின் அடியில் கசிவு கண்டிருந்தது. முதலில் தெளிவாக வந்ததாம்; நான் போனபோது கலங்கி வந்தது. கலங்கி வந்தால் உள்ளே கரை கரைகிறது என்று பொருள். பெண்கள் பிள்ளைகளைக் கோயில் மேட்டுக்குக் கூட்டிப்போனார்கள். என் மனைவியும் அவர்களோடு ஏறுவதைப் பார்த்தேன்.

"எவன்டா அடைச்சது?" என்று யாரோ கத்தினார்கள். நான் கசிவைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

கல்யாண வீட்டில் இரவு தங்கிவிட்டு அப்போதுதான் திரும்பிய நீர்கட்டி, புதுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார். கயிற்றின் மறுமுனையை என் கையில் கொடுத்தார்.

"உட்டுடாதீங்க வாத்தியாரே. எம் பொஞ்சாதி உங்கள உடமாட்டா."

கடப்பாரையோடு இறங்கி, மார்பளவு நீரில் கல் கல்லாகப் பிடித்து நகர்ந்தார். முதல் சாக்கு பிடுங்கிக்கொண்டு வந்தது. அதைத் தூக்கியபோது நீல வட்டம் என்னைப் பார்க்க இருந்தது. அந்த நொடியில் அவர் உயிரைவிட அந்த வட்டத்துக்குத்தான் அதிகம் பயந்தேன். அவர் அதை வெள்ளத்தில் விட்டெறிந்தார். அடுத்ததையும், அதற்கடுத்ததையும். கடைசிச் சாக்கோடு ஒரு குத்துக்கல்லும் பெயர்ந்து அவர் முழங்காலில் விழுந்தது. நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துக் கரையேற்றினோம். பொழுது சாய்வதற்குள் நீர் இறங்கிவிட்டது. கரை நின்றது. அவருடைய கால் மட்டும் பிறகு நேராகவே இல்லை.

ஊர்க் கூட்டத்தில், "மேட்டு வயக்காரன் எவன்கிட்டயோ நெல்ல வாங்கிக்கினு அடைச்சிட்டு, கல்யாண விருந்துக்குப் போயிட்டான்" என்றார்கள். அவர் இல்லையென்றார். அவரிடமிருந்து வேலையைப் பிடுங்கினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குடும்பத்தோடு கோட்டக்குப்பம் போய் ஒரு மரக்கடையில் காவலுக்குச் சேர்ந்தார்.

மறு வருஷம் தீபம் கழிந்து கலங்கலை அடைக்க ஊர் கூடியபோது உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"வாத்தியாருக்கு எளகின மனசு. அந்தக் கால் போனவனுக்காகப் பழியத் தாந் தலையில போட்டுக்கறாரு" என்றார் ஒருவர்.

காட்டுவதற்குச் சாக்குகள் இல்லை. சத்தியம் செய்யச் செய்ய என் மேல் மரியாதைதான் ஏறியது. கடைசியில், என் சொல்லுக்காக அவரைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். அதைச் சொல்லக் கோட்டக்குப்பம் போனேன். எல்லாவற்றையும் அவரிடமும் ஒப்புக்கொண்டேன்.

"சாக்குல வட்டத்தப் பாத்தியாய்யா?"

"பாத்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"கயிறு உங்க கையில இல்ல இருந்துச்சி? சொன்னா உட்டுடுவீங்களோன்னு பயம்."

"கரையேறின பிறகு?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

ஊருக்குத் திரும்பிவரச் சொன்னேன். தலையை ஆட்டினார். "வேணாங்க. மழ வந்தா கயிற யாரு கையில குடுக்கறதுன்னு யோசிச்சிக்கினே நிப்பேன். அது வேலைக்கு ஆவாது."

டீ வாங்கிக் கொடுத்து, காலை இழுத்துக்கொண்டே பஸ் வரைக்கும் வந்தார். நான் படியில் ஏறியதும் சொன்னார்:

"கம்பியக் கெட்டியாப் புடிச்சிக்குங்க வாத்தியாரே."