கைவிளக்கின் நிறம்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள். பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் கிண்டல் செய்கிற ஆள் நான்தான். லாயாங் லாயாங் என்கிற சின்ன ஊர் ஸ்டேஷனில் ரயிலைத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை, பன்னிரண்டு வருஷம், ஒரு நிழலைக்கூடச் சந்தேகப்பட்டதில்லை.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்னால். பட்டப்பகல், ஆனால் அடைமழை. நானும் என் மனைவி அந்தோணியம்மாவும் ஜொகூர் பாருவுக்கு வந்திருந்தோம். ஊர் திரும்ப மூன்று மணி ரயில். அதில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன் என் மச்சான் சவேரி, அவளுக்கு ஒரே தம்பி. பாதை போட்ட காலத்துச் சாமான்களை ஸ்டேஷன் யார்டில் ஒரு பழைய ரயில் பெட்டிக்குள் பார்வைக்கு வைத்திருந்தார்கள், நேரம் இருக்கிறதே என்று அவனே எங்களை அழைத்துப் போனான்.

கண்ணாடி அலமாரிக்குள் ஒரு கைவிளக்கு. அது எரிந்துகொண்டிருந்தது, சிவப்பாக. சிவப்பை யார் காட்டினாலும் நிற்க வேண்டும், கேள்வி கிடையாது, அதுதான் எங்கள் தொழில். என் கால் அப்படியே நின்றுவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் சவேரி சிரித்தான்.

"அலமாக், பாருங்க மாமா, பச்சை எப்படிப் பளிச்சுன்னு எரியுது! நமக்கு லைன் கிளியர்தான் லா."

பச்சையா? என் கண்ணையே சந்தேகப்பட்டேன். சொன்னால் ஸ்டேஷன் முழுக்கச் சொல்லிச் சிரிப்பானே என்று வெட்கம் வேறு. "வயிறு சரியில்ல சவேரி, நாங்க நாளைக்கு வர்றோம்" என்று பொய் சொன்னேன்.

"சரி மாமா, அக்காவைப் பாத்துக்குங்க" என்று மழையில் ஓடினான்.

லாயாங் லாயாங் வருவதற்கு முன்னால் மண்மேடு சரிந்து பாதையை மூடியிருந்தது. மூன்று மணி ரயிலின் எஞ்சின் அதில் மோதிச் சதுப்பில் கவிழ்ந்தது. சவேரியை மறுநாள்தான் எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் நான் மட்டும் அந்தப் பெட்டிக்குப் போனேன். காவல்காரர் அலமாரியைத் திறந்து விளக்கைக் கையில் கொடுத்தார். திரி இல்லை, எண்ணெய் இல்லை. சிவப்புக் கண்ணாடியும் இல்லை, பச்சைக் கண்ணாடியும் இல்லை, அந்த இடத்தைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது.

"இங்க வந்த நாள்லேர்ந்து இப்படித்தான்" என்றார் அவர்.

அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நான் நோகாத நாளில்லை. ஆனால் என்னை உறுத்துவது இன்னொன்று. தொட்டதற்கெல்லாம் மல்லுக்கு நிற்கிற அந்தோணியம்மா, நாளைக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது ஏன் என்று கேட்கவே இல்லை. எனக்கு முன்னால் படி இறங்கிவிட்டாள். அவளும் அந்த விளக்கைப் பார்த்தவள்தான். உனக்கு என்ன நிறம் தெரிந்தது என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இன்றுவரை அவள் பதில் சொல்லவில்லை.