ஊசி போட்டார், சாப்பிடவில்லை

தறி வேலைக்கு நான்கு நாள் லீவு கிடைத்ததும், காஞ்சிபுரத்திலிருந்து நானும் கணவரும் மாமல்லபுரம் போய்த் தங்கினோம். கடலோர ஊர்களை பஸ்ஸிலேயே சுற்றிப் பார்க்க ஆசை.

மறுநாள் காலை கணவர் வழக்கம்போல இன்சுலின் போட்டுக்கொண்டார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. "கோவளத்துல சாப்பிட்டுக்கலாம்மா" என்றார். ஏறிவிட்டோம்.

வழியில் பஸ் பழுதாகி வெகுநேரம் நின்றது. நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், கணவரின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பேச்சும் குழறியது. வெயில்தான் என்று நினைத்து விசிறினேன்.

முன் சீட்டிலிருந்த மீன்காரம்மா, "இவருக்கு சக்கரை வியாதி இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

"இருக்குது. ஊசி போட்டுக்கினு வந்தாரு, இன்னும் சாப்பிடல."

"ஐயோ, சக்கரை இறங்கிக்கினு இருக்குதும்மா!" என்றவர், பேத்திக்கு வாங்கிய மாம்பழ ஜூஸைத் திறந்து மெல்லக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் கணவர் நிமிர்ந்து, "எந்த ஊருமா இது?" என்றார். நான் அழுதேவிட்டேன்.

இப்போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகுதான் ஊசி. பஸ் போனால் போகட்டும், அடுத்தது வரும்.

- ஒரு வாசகி, காஞ்சிபுரம்