சீயக்காயில் போன கோடுகள்

1. ஞாயிற்றுக்கிழமை, மிளகு பறிப்பு தொடங்கும் முன் ஊர்க் கோயிலில் பொங்கல் வைத்தோம்.
2. அதற்காக அம்மா எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளித்தார்.
3. கதிர் சிகிச்சைக்காக மார்பில் வரைந்திருந்த ஊதாக் கோடுகள் அதோடு போயின.
4. திங்கள் காலை, மலையிறங்கும் பஸ்ஸில் அம்மா அதைச் சொன்னார்.

மார்பகப் புற்றுக்கு அறுவை முடிந்து இருபத்தைந்து நாள் கதிர் வைக்கச் சொல்லியிருந்தார்கள். பதினான்கு முடிந்திருந்தது. வார நாட்களில் ஆஸ்பத்திரிப் பக்கம் ஓர் அறையில் இருப்போம். சனி, ஞாயிறு ஊருக்கு வருவோம். கோடு இல்லாவிட்டால் ஸ்கேனிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்வார்கள், நாள் தள்ளிப்போகும் என்று பயந்தேன். இடையில் விடுவது நல்லதல்ல என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்.

தப்பு என்னுடையது. செய்யக் கூடாதவை என்று பன்னிரண்டு வரி எழுதிக் கதவில் ஒட்டியிருந்தேன். கோடு அழியக் கூடாது என்பது அதில் இல்லை. அது சொல்லாமலே தெரியும் என்று விட்டுவிட்டேன். இத்தனைக்கும் என் ஆராய்ச்சியே துகள் முடுக்கிகளைப் பற்றியது. முடியைவிட மெல்லிய இரண்டு கற்றைகளைக் குறி தவறாமல் மோதவிடுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவள் நான்.

அம்மா கலங்கவில்லை. "தலைக்கு ஊத்தாம கோயிலுக்குப் போவாங்களா கண்ணு? கோடு போனா என்ன, ஒடம்பு அங்கயேதான இருக்குது?"

வளைவுகளில் அவருக்கு எப்போதும் வாந்தி வரும். அதை மறக்கட்டும் என்று அன்று நானாகவே பேச்சுக் கொடுத்தேன். முதல் வட்ட முடுக்கி உள்ளங்கையில் அடங்கும் என்றேன். இப்போது இருக்கும் பெரிய வளையத்தை நம் பஸ் சுற்றிவர ஒரு மணி நேரம் பிடிக்கும். எலக்ட்ரானும் ஒவ்வொரு வளைவிலும் சக்தியை இழக்கும். அதனால் அடுத்ததை நேர்கோட்டில் கட்டலாமா, இதைவிடப் பெரிய வளையமாகக் கட்டலாமா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பதும் முடுக்கிதான், நேரான சின்னக் குழாய்.

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டார். "அவிங்களையே நம்ம மலைக்கும் நேரா ஒரு ரோடு போடச் சொல்லு சாமி."

ஆஸ்பத்திரியில், கோடு போட்ட டெக்னீஷியன் அக்கா அம்மாவைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏனுங்கம்மா, நான் அரை மணி நேரம் குனிஞ்சு போட்டதுங்க. சீயக்காய் அவ்வளவு நல்லா இருந்துச்சுங்களா?" அதற்கு மேல் திட்டவில்லை. அம்மாவைப் படுக்க வைத்து, சுவரிலிருந்து வரும் பச்சை ஒளிக்கோடுகளைப் போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: நடுவிலும் இரண்டு பக்கமும் மிளகைவிடச் சின்னதாய் மூன்று புள்ளிகள். முதல் நாளே பச்சை குத்தியவை. அளவெல்லாம் அவற்றிலிருந்துதான், கோடு மேலுக்குத்தானாம்.

பச்சை குத்தியதை ஏன் சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்டேன்.

"நீ கேக்கவே இல்லியே கண்ணு."

பத்து நிமிடத்தில் கோடுகள் மறுபடி வந்தன. ஒரு படமும் எடுத்துச் சரிபார்த்துவிட்டு, பதினைந்தாவது முறை கதிர் வைத்தார்கள். ஒரு நாளும் தள்ளவில்லை.

இன்று வெள்ளி. பத்தொன்பது முடிந்தது, ஆறு பாக்கி. என் ஆய்வேட்டில் முடுக்கிகளின் வரலாறு முடிந்தது, வருங்கால முடுக்கிகள் பாதியில் நிற்கின்றன. கதவில் இப்போது பதின்மூன்று வரிகள்.